பானட்டுக்கு ஒரு மெத்தை

ராக்கப்பனின் லாரிக்கு இருபத்தாறு வயது. மகள் மாரிச்செல்விக்கு இருபத்துநாலு. வீட்டுக்கு முதலில் வந்தது லாரிதான், அதனால் மரியாதையும் முதலில் அதற்குத்தான் என்று அவள் சொல்வாள். சொல்லும்போது சிரிக்கமாட்டாள்.

சிக்கல் ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரியைத் தூத்துக்குடிக்கு ஏற்றிப்போய்த்தான் ராக்கப்பன் அவளை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கவைத்தார். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படிப்பு முடிந்து ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போனாள். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிற வேலை என்று நம்பிப் போனவளுக்கு, எஞ்சினில் ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து டிக் அடிக்கிற வேலை கொடுத்தார்கள். லேடீஸுக்கு இதுதான் நல்லது என்றார் மேனேஜர். இரண்டு வருஷம் டிக் அடித்தாள். கடலாடி ரோட்டில் லாரியின் எஞ்சின் இறுகி நின்றுபோய்விட்டது என்று அம்மா போனில் சொன்ன மறுநாள், பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

"வேற எஞ்சின் நான் ஏத்துறேன்" என்றாள் அய்யாவிடம்.

அவர் மனைவியைப் பார்த்தார். நாகலெட்சுமி அவர் முன்னால் வந்து நின்று, "புள்ள வேற எஞ்சின் ஏத்துறேங்குது" என்றாள்.

"செய்யச் சொல்லு" என்றார் அவர், மனைவியிடம்.

மாரிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பத்தாவது படிக்கிற காலத்திலிருந்து இதே கதைதான். வயதுக்கு வந்த பெண்ணிடம் அய்யாக்கள் நேரே நின்று பேசுவதில்லை. ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் "ம்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு "அம்மாட்டக் குடுக்கேன்" என்று வரும். ஊர் அதைக் கூச்சம் என்றது. அவள் திமிர் என்றாள். பெத்த மகளிடம் பேசினால் எந்தக் கிரீடம் இறங்கிவிடும் என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அம்மா ஒவ்வொரு தடவையும் அடுப்பைத்தான் பார்த்தாள்.

லாரியை இழுத்துப்போய்ப் புதுமடம் விலக்கில் காதர் மைதீனின் ஷெட்டில் போட்டார்கள். போட் எஞ்சினும் லாரி எஞ்சினும் பார்க்கிற ஷெட் அது. பாலத்தில் மோதிக் கூண்டு நசுங்கிய ஒரு டிப்பரின் எஞ்சினை, டர்போ வைத்ததை, அவளே தேடிப் பிடித்தாள். எஞ்சினை மாற்ற அனுமதித் தாளும் அவளே அலைந்து வாங்கினாள். புது எஞ்சின் பழசைவிட நீளம், கனமும் அதிகம். அது உட்காரச் சட்டத்தில் குறுக்குத் தாங்கியை வெட்டி நகர்த்த வேண்டியிருந்தது. ரேடியேட்டர் பெரிதாக வேண்டியிருந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் நீளத்தைக் குறைத்து, சுற்றும்போது உதறாதபடி மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் அவள் நகக்கண்ணில் கிரீஸ் குடியேறிவிட்டது.

ஒருநாள் ராக்கப்பன் ஷெட்டுக்கு வந்திருந்தபோது, கூடவே வந்த ஊர்க்காரர் உக்கிரபாண்டி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏலே ராக்கப்பா, ஒம் மக மாட்டுற எஞ்சின் வண்டிய முன்னுக்கு இழுக்குமா, பின்னுக்கா?" என்றார். ராக்கப்பன் பேசாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மாரிச்செல்வி அதையும் மனசில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் கடைசியில், யாரும் கேட்காத ஒரு வேலையைச் செய்தாள். அந்தக் காலத்து லாரியில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, பானட் என்கிற தகரக் கூட்டுக்குள் கிடக்கும். சூடும் இரைச்சலும் டிரைவரின் இடது காலிலிருந்து மண்டை வரைக்கும் ஏறும். அய்யாவின் முழங்கால் உரசி உரசிப் பானட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது. அந்த இடத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தாள். அதன்மேல் கனத்த கம்பளி, அதன்மேல் நுரைமெத்தை, எல்லாவற்றுக்கும் மேல் அரக்குக் கலர் ரெக்சின். எஞ்சின் உட்காரும் நாலு இடத்திலும் பழைய கட்டை ரப்பரை எடுத்துவிட்டு மெத்தென்ற புது ரப்பர் வைத்தாள்.

"லாரியா ஆத்தா இது, மாப்பிள வீட்டு சோபாவா?" என்றார் காதர் மைதீன்.

"இருவத்தாறு வருசம் அந்த மனுசன் காலு வெந்தது போதும் பாய்."

"இத அவருகிட்டச் சொல்லு."

"அவரு பேசட்டும் முதல்ல."

ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் ரோட்டில் ஆள் நடமாட்டம் கிடையாது. ராக்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மாரிச்செல்வியும் காதர் மைதீனும் பக்கத்தில் ஏறினார்கள். முதல் கியர், இரண்டாவது. அதோடு சரி. எஞ்சின் வீறிட்டது, அவர் மூன்றாவதுக்கு மாற்றவில்லை. "அய்யா, கியர மாத்துங்க" என்றாள். அவர் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். கத்திச் சொன்னாள். திரும்பவேயில்லை. காதர் மைதீன் எட்டித் தோளைத் தொட்டார். அவர் பதறி மாற்றியதில் வண்டி குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை கீழே இறங்கிவிட்டார்.

"வண்டி என் கைக்கு அடங்கல காதரு. நீயே ஊருல கொண்டாந்து விட்டுரு" என்றார். மகள் பக்கம் திரும்பாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அம்மா வழியாகத் தீர்ப்பு வந்தது. "இரும்புக்குப் போட்டுருவோம்ங்குறாரு."

"பொட்டச்சி மாட்டுன எஞ்சின்னா கை கூசுதாக்கும். போடச் சொல்லு. என்னையும் சேத்துப் போடச் சொல்லு" என்றாள் மாரிச்செல்வி. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

விடிந்ததும் நேராக லாரிக்குப் போனாள். அது வீட்டை ஒட்டிய பொட்டலில் நின்றது. ராக்கப்பன் லாரிக்கு முன்னால் நாலடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆட்டுக்கு இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று ஏறிக் கிளப்பினாள். அவர் காதைக் கிழிக்கிற மாதிரி ஆக்சிலேட்டரை அமுக்கினாள். ஆடுகள் கயிற்றை இழுத்துத் துள்ளின. எதிர்வீட்டில் ஒரு பிள்ளை அழுதது.

அய்யா திரும்பவில்லை.

துள்ளுகிற ஆட்டைத்தான் பார்த்தார், இதற்கு என்ன வந்தது என்பதுபோல. பிறகு எழுந்து வந்து, அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, முன்பக்கத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை அப்படியே இருந்தது.

"ஓடுதா?" என்றார்.

மாரிச்செல்வி எஞ்சினை அணைத்தாள். அணைத்ததும் அவர் தன் கையைத்தான் பார்த்தார். வாசலில் அம்மா ஈரக் கையோடு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே மகளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"எத்தன வருசமாம்மா?"

"நீ பத்தாவது படிக்கையில ஒரு காது போச்சு. இப்ப ரெண்டும். கிட்ட நின்னு வாயக் காட்டிப் பேசுனா புரிஞ்சுக்குவாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"காது கேக்காத டிரைவருக்கு எவன்டி லோடு குடுப்பான்? யாருட்டயும் சொல்லல." நாகலெட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீ படபடன்னு பேசுவ. ஒன்னு கேட்டா ஒன்னச் சொல்லிட்டு, படிச்ச புள்ள முன்னால கோமாளியா நிக்கணுமான்னாரு. நீ ஒவ்வொரு தடவ ஊருக்கு வந்துட்டுப் போகையிலும், அவ என்னென்ன சொன்னான்னு ராவெல்லாம் என்கிட்டக் கேப்பாரு. நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போகும்."

"பின்ன எப்படிம்மா வண்டி ஓட்டுனாரு?"

"கால்ல தெரியுங்குறாரு. முழங்கால்ல எஞ்சின் பேசுமாம்."

மாரிச்செல்வி பக்கத்தில் இருந்த அரக்குக் கலர் மெத்தையைப் பார்த்தாள். எட்டு வருஷம் அவள் கோபப்பட்டது எல்லாம் வீணாய்ப் போனது ஒரு பக்கம். பாசம் என்று ஒன்றை ஒரே ஒரு தடவை செய்தாள், அதுதான் அந்த மனுஷனின் மிச்சக் காதையும் அடைத்திருக்கிறது. அழுகை வந்தது. அழுதால் அய்யா என்ன ஏது என்று கேட்பார், பதில் சொல்ல வாயைக் காட்ட வேண்டும். அரிவாள்மணையை எடுத்துவந்து ரெக்சினைக் கிழித்தாள்.

"ஏடி, புதுசுடி" என்றாள் அம்மா.

நுரையைப் பிய்த்தாள், கம்பளியைச் சுருட்டி எறிந்தாள். மத்தியானம் காதர் மைதீன் ஜாக்கியோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் பீடியைக் கையில் உருட்டினார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். மெத்தென்ற ரப்பர் நாலும் வெளியே வந்தன, பழைய கட்டை ரப்பர்கள் உள்ளே போயின. ராக்கப்பன் கேட்காமல் கொள்ளாமல் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். பானட்டின் பெயிண்டை முழங்கால் படும் இடத்தில் மட்டும் மாரிச்செல்வி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தாள்.

சாயங்காலம் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கினார்கள். அங்கே மோதுவதற்குக் கொக்கு தவிர ஒன்றுமில்லை. காதர் மைதீன் கரையில் நின்றுகொண்டார். மாரிச்செல்வி இடப்பக்கம் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். ராக்கப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு முழங்காலை வெறும் தகரத்தில் சாய்த்தார். முதல் கியர். கால் தகரத்தோடு சேர்ந்து நடுங்கியது. இரண்டாவது. எஞ்சின் குரல் ஏறுவதை அவள் காது பிடிக்கும் முன்னால் அவர் கை மூன்றாவதுக்குப் போய்விட்டது. நாலாவது. வெடித்த களிமண்ணில் பத்து டன் வண்டி படகுபோலப் போனது. மறுகரை ஓரத்தில் வளைத்து நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பழசு முக்கும். இது முக்கவே மாட்டேங்குது. எமகாதக எஞ்சினா இருக்கு" என்றார். நேராக, அவளிடம்.

"கால் சுடுதாய்யா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். "சுடுது. சுட்டாத்தான் எஞ்சின்." பிறகு, "திங்கக்கெழம லோடு கேட்டுப் பாக்கவா?" என்றார்.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரி. காதுல மெஷின் வச்சு, ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தப்பறம்தான் ரோட்டுல ஏறணும்."

வழக்கம்போல வேகமாகச் சொல்லிவிட்டாள். "திங்கக்கெழம லோடா?" என்றார் அவர்.

அவள் கிட்ட நகர்ந்து உட்கார்ந்து, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, மறுபடி சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "ஆஸ்பத்திரி. ராமநாதபுரத்துல. காதுக்கு."

"யாரு காதுக்கு?"

"லாரி காதுக்கு."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் கரைப்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, கண்மாய் முழுக்கக் கேட்கும்படி, "ஊருக்குத் தெரியாமக் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

"தெரியட்டும்யா. தெரிஞ்சா என்ன?" ஊர் தெரிந்துகொண்டால் லோடு போகும் என்பது அவளுக்கும் தெரியும். அப்படி லோடு கொடுக்காதவனை வீட்டு வாசலில் போய்க் கேட்டுக்கொள்வாள். அந்த வேலைக்கு அவள் வேகமான வாய் போதும்.

ராக்கப்பன் ஸ்டீயரிங்கைத் தடவினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் முழங்கால் அதிலேயே இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.