வயிற்றில் கட்டிய பட்டை

சலவைக்கூடத்தில் அவளைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை வாரி ஒரே தூக்கில் தள்ளுவண்டியில் போட்டுவிடுவாள். தூக்குமுன் வயிற்றில் அகலப் பட்டையை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் அங்கே அதுதான் முதல் பாடம்.

சில மாதங்களாக அடியில் ஏதோ இறங்கி நிற்பதுபோல் இருந்தது. தும்மினால் சிறுநீர் கசிந்தது. பட்டை தளர்ந்துவிட்டது போலும் என்று இன்னொரு கொக்கி இறுக்கினாள், இன்னும் இறங்கியது. இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று கணவனும் அவளும் பேசி வைத்திருந்த நேரம். கருப்பையே கழன்று வருகிறதோ என்று பயந்தாள். அவனிடம் சொல்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பெண் மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

“கர்ப்பப்பைய எடுத்துடுவீங்களா டாக்டர்?”

“எதுக்கு? அது பாட்டுக்கு அதோட இடத்துல இருக்கு. மூத்திரப்பைதான் கொஞ்சம் எறங்கியிருக்கு.”

மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இடுப்பெலும்பை அவள் பக்கம் திருப்பினார். முன்னால் மூத்திரப்பை, அதன் பின்னால் கருப்பை, கடைசியில் மலக்குடல். அடியில் தசை, இழுத்துக் கட்டிய துணிபோல் எல்லாவற்றையும் தாங்கியிருந்தது.

“பிரசவத்துல இந்தத் தசை தளரும். நீங்க மேல பட்டைய இறுக்கினா அழுத்தம் எங்க போகும்?”

அவள் பொம்மையின் அடியைப் பார்த்தாள். “இது தலையிலதான்.”

“மூச்சடக்கினாலும் அதே கதைதான். கொஞ்சமா எடுங்க, மூச்ச விட்டுக்கிட்டே தூக்குங்க. தசைக்குப் பயிற்சி சொல்லித் தர்றேன்.”

“அப்போ கொழந்த?”

“பெத்துக்கலாம். முதல்ல இதுக்குப் பலம் வரட்டும்.”

மறுநாள், அவளுக்குப் பட்டை கட்டக் கற்றுக்கொடுத்த இஸ்திரி அக்கா சிரித்தாள்.

“என்னடி பயில்வான், ஒண்ணொண்ணா எடுக்கிற? பூப்பறிக்கவா வந்தே?”

“பட்டை கட்டினா உள்ள இருக்கறது கீழ எறங்குமாம்க்கா. டாக்டர் சொன்னாங்க.”

“நான் எத்தன வருஷமா கட்டுறேன்? எனக்கென்ன ஆச்சு?”

“தும்மினா ஒண்ணும் ஆகலையாக்கா?”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

“அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் இருப்பாங்க?”

“நாளைக்கும் இருப்பாங்க” என்று சொல்லி, மூச்சை விட்டபடி பயில்வான் அடுத்த போர்வையைத் தூக்கினாள்.