கெட்டி ஆயில்

என் சகலை விஜயராகவன் சிவப்பு நிறத்தில் ஒரு ஜெர்மன் கார் வாங்கிய அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒளித்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான். மூன்று வருடம் ஓடிய கார்தான். ஆனால் டர்போ எஞ்சின், முன்னூறு குதிரைச் சக்தி. நெல்லித்தோப்பில் இருபது வருடமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிற நான் ஓட்டுவது கதவு சாத்தாத ஒரு வேன். மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை எங்கே இழுப்பது என்றுகூடத் தெரியாதவனுக்கு, இந்தக் கார்.

கார்கூடப் போகட்டும். மாமனார் பக்கிரியைத்தான் தாங்க முடியவில்லை. மில்லில் மெஷினோடு மல்லுக்கட்டி வளர்ந்த மனிதர். நான் அவருடைய மூத்த மகளைக் கட்டிய புதிதில், தண்ணீர் மோட்டார் இருமினால்கூட என்னைக் கேட்காமல் தொட மாட்டார். சின்ன மகள் கார்குழலியை விஜயராகவன் கட்டிக்கொண்டதிலிருந்து என் மவுசு இறங்கிவிட்டது. இப்போது டீக்கடையில் நின்றால் “சின்ன மாப்ள காரு சத்தத்த கேக்கணுமே!” என்று எனக்கே கதை சொல்கிறார். எஞ்சின் விஷயத்திலாவது நான்தான் பெரியவன் என்று அவர் நினைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கார் என் ஷெட்டுக்கே வந்து நின்றது.

“ஆயில் மாத்தணும்ணா. எதைப் போடலாம், என்னா பெட்ரோல் அடிக்கலாம், நீங்களே சொல்லுங்க,” என்றான் விஜயராகவன். “புக்குல ஜீரோ டபிள்யூ ஃபார்ட்டின்னு போட்டிருக்கு. டேங்க் மூடியில தொண்ணூத்தெட்டு ஆக்டேன்னு எழுதியிருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க சொன்னா சரி.”

புத்தகத்தில் இருந்ததுதான் சரி. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதற்கு உடனே ஓடிப் போய்ச் சேர்கிற மெல்லிய ஆயில் வேண்டும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டால், மிதிக்கும்போது எஞ்சினுக்குள் தட்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பானெட்டைத் தூக்கினேன். எஞ்சின் அத்தனை சுத்தமாக இருந்தது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

“புக்கு எழுதுனவன் பனியில ஒக்காந்து எழுதுனான், தம்பி,” என்றேன். “நம்ம ஊரு வெயிலுக்கு அது தண்ணி மாதிரி ஓடிடும். கெட்டி ஆயில்தான் சரி. பெட்ரோலும் சாதாவே போதும். விழுப்புரம், கடலூர்க்காரன்லாம் வெல கம்மின்னு இங்க வந்து சாதா பெட்ரோல்தான் ரொப்பினு போறான், அவன் வண்டிலாம் ஓடாமயா போச்சு?”

“நீங்க சொன்னா சரிண்ணா,” என்றான் மறுபடியும். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், பாவி.

பழைய லாரிக்கு ஊற்றுகிற டுவென்ட்டி டபிள்யூ ஃபிஃப்ட்டி கெட்டி ஆயிலை என் கையாலேயே ஊற்றினேன். என் கணக்கு இதுதான்: கார் கொஞ்ச நாள் மந்தமாக ஓடும், மாமனார் முகம் சுளிப்பார், பிறகு நான் ஆயிலை மாற்றிக் காரைப் பறக்க விடுவேன். எவனுக்கும் நஷ்டமில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கிளம்பும்போதுதான் அவன் சொன்னான். “வர ஞாயித்துக்கெழம சென்னை ரேஸ் டிராக்ல எங்க கார் கிளப்புக்கு நேரம் குடுத்துருக்காங்க. மாமாவும் வரேன்னாரு. நீங்களும் வரணும்ணா.”

எனக்குத் திக்கென்றது. ஊருக்குள் ஓட்டினால் மந்தம், அவ்வளவுதான். டிராக்கில் முழு மிதி மிதித்தால் எஞ்சினே போய்விடலாம். சொல்வதற்கு ஆறு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை போனை எடுத்தேன். அதற்குள் மாமனார் அழைத்து, “சின்ன மாப்ள எனக்கு ஹெல்மெட்டு வாங்கியாந்துருக்காரு!” என்றார். போனை வைத்துவிட்டேன். மீதி நாட்களை வீம்பு தின்றுவிட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு டிராக்கில் வெயில் மண்டையைப் பிளந்தது. மாமனாரும் நானும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். முதல் சுற்றில் சிவப்புக் கார் எங்களைக் கடந்தபோது மாமனார் துண்டை எடுத்து வீசினார். இரண்டாவது சுற்றில் வரவில்லை. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள்.

டிராக் இஞ்சினியர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். டிப் ஸ்டிக்கை இழுத்து, இரண்டு விரலால் ஆயிலைத் தேய்த்தார். என்ன பெட்ரோல் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“டர்போ போச்சு சார். உள்ள இன்னும் என்னென்ன போச்சோ, பிரிச்சாதான் தெரியும். இதுக்கு இந்த ஆயிலான்னு படிக்கிற பையன்கூடக் கேப்பான். எந்த மெக்கானிக் சார் ஊத்துனான்? தெரியாம ஊத்துன மாதிரி இல்ல, வேணும்னே ஊத்துன மாதிரி இருக்கு.”

மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். விஜயராகவனும் என்னைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“மெக்கானிக்லாம் இல்ல சார்,” என்றான். “நானே கடையில வாங்கி ஊத்திட்டேன். இந்த அண்ணன் புக்குல இருக்கறததான் போடச் சொன்னாரு. நான்தான் கேக்கல.”

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா மாப்ள நீங்க! எஞ்சினுன்னா பெரிய மாப்ளைக்கு மேல ஆளு உண்டா? அவரு சொல்ற பேச்ச கேக்க வேணாமா?”

இதைக் கேட்கத்தான் இத்தனையும் செய்தேன். கேட்டுவிட்டேன். நின்ற இடத்திலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

“இல்ல மாமா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “நான்தான் ஊத்துனேன். வேணும்னேதான் ஊத்துனேன்.”

மாமனார் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கையைப் போட்டு இஞ்சினியரிடம் சொன்னார். “பாருங்க சார். சின்னவர உட்டுக்குடுக்காம பழிய தன்மேல போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?”

நான் விஜயராகவனைப் பார்த்தேன். என் சட்டையைப் பிடித்திருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், தாங்கியிருப்பேன். அவன் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினான்.

“குடிங்கண்ணா, வெயிலு ஜாஸ்தியா இருக்கு,” என்றான்.

வாங்கிக் குடித்தேன். அவன் மனசின் மேல் இப்போது வந்த பொறாமைக்கு முன்னால், காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.