கேட்காத டிக்கெட்

நீளமான ஹாரன் சத்தத்தோடு டவுன் பஸ் வந்து நின்றது. பயணிகள் குறைவு என்று நாளையிலிருந்து அதை நிறுத்துகிறார்கள்.

"பஸ் ரொம்பி வழியுது. நாங்கள்லாம் இன்னா பேயா, நைனா?" என்றாள் ரோசம்மாள். இருபது வருடங்களாக இதில்தான் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போகிறாள்.

கண்டக்டர் ரகு டிக்கெட் மெஷினைக் காட்டினார். "கணக்குல ஒம்போது பேர்தான்க்கா. பொம்பளைங்களுக்கு ஃப்ரீன்னாலும் டிக்கெட் போட்டாதான் கணக்குல வரும். நீங்க யாரும் கேக்கல, நானும் போடல."

சில்லறையை நீட்டி டிக்கெட் வாங்கி, வளையலுக்குள் செருகிக்கொண்டு, ஜன்னலோரம் தோழிகளோடு பாடிக்கொண்டே போன காலைகள் அவளுக்கு நினைவு வந்தன.

"அப்பல்லாம் சண்டை போட்டு டிக்கெட் வாங்குவியே, இப்ப ஏன்க்கா கேக்கல?" என்றார் ரகு.

"அப்ப டப்பு குடுத்தேன், அதிகாரமா கேட்டேன். சும்மா குடுக்கறத கேக்க வெக்கமா இருந்துச்சு, நைனா."