எட்டு மணித்தியாலத் தள்ளு

கோப்பாயில் றேடியோ திருத்துகிற நேசராஜாவுக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளை தவறாமல் வரும். சண்டையால் கரண்ட் போய் இரண்டு வருஷம், பற்றறிக்கும் ஆமியின் தடை. அந்த நாளில் சந்தேகப்படாமல் இருந்தவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குகிற பொன்மலர் ஒருநாள் வந்து நின்றாள்.

“அண்ணை, ஒரு சின்னச் சாமானைத் தள்ளவேணும். ரெண்டு விரற்கடை தூரந்தான். ஆனால் எட்டு மணித்தியாலம் எடுக்கவேணும், ஒரே சீராய். வெயிலிலை காயவைச்சு உயிர் குடுத்த பழைய பற்றறியிலை ஓடவேணும்.”

“என்னத்தைத் தள்ள?”

“அதைச் சொல்லேலாது.”

நேசராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. எது பொருந்தும் என்பது அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஒரு கசெற் றெக்கோடர் மோட்டர், அதில் பூட்டிய ஒரு திருகுப் புரியாணி. ஆணி சுழன்றால் தள்ளும்; நிறுத்தினால் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், அதற்குப் பற்றறிச் செலவே இல்லை. மணிக்கூட்டு முள் இடைக்கிடை ஒரு கம்பியைத் தொட்டு அதைக் கொஞ்சம் ஓடவிட்டால் போதும். மணிக்கூடு, கம்பி, பற்றறி! நேரக் குண்டுக்கும் இதே சாமான்கள்தான். எங்கேயாவது வெடித்தால் முதலில் இழுபடப்போவது அவன்தானே.

ஆகவே காந்தச் சுருள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கரண்ட் பட்டதும் அதன் இரும்புத்தண்டு ஒரே உதையாய் வெளியே வரும். கொஞ்ச நேரத்தில் பற்றறியை உறிஞ்சிக் குடித்துவிடும். இதை வைத்து எவராலும் நேரம் குறிக்க முடியாது. பெரிய கெட்டிக்காரன்! “இதுதான் பொருந்தும்” என்று கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டு, நிம்மதியாய்ச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தாள். வலது பெருவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. சுருளோடு ஓர் ஊசிக்குழாயையும் மேசையில் வைத்தாள்.

“என்ரை சின்னவளுக்கு இரத்தத்திலை வருத்தம், அண்ணை. இரத்தம் ஏத்தி ஏத்தி உடம்பிலை இரும்பு சேந்துபோச்சு. அதை எடுக்கிற மருந்து கொஞ்சங் கொஞ்சமாய் ஏறவேணும். ஒரேயடியாய் ஏறினால் பிள்ளைக்கு ஆகாது. நல்லகாலம், முதல் தண்ணி விட்டுப் பாத்தனான். ஒரு தள்ளிலை முழுக்கப் போச்சுது. பிறகு ரெண்டு நாளும் நான்தான் விரலாலை தள்ளினனான்.”

“முதலே சொல்லியிருக்கலாமே!”

“மூத்தவளுக்குக் கலியாணம் பேசுறம். மாப்பிள்ளை உங்கடை மனுசியின்ரை தமையன்ரை மகன். வருத்தம் இருக்கிற குடும்பமெண்டு உங்களிட்டை எப்பிடிச் சொல்லுவன்?” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இது ஒரேயடியாய்த் தள்ளுமெண்டு தெரிஞ்சுதானே தந்தனீங்கள்?”

பொய் நுனிநாக்குவரை வந்தது.

“ஓம்” என்றான். வெட்கத்தில் உடம்பு கூசியது.

அன்று முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு மோட்டரையும் புரியாணியையும் மணிக்கூட்டையும் பொருத்தினான். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வந்தாள்.

“கொண்டுபோங்கோ, இனிப் பிழைக்காது. வீட்டிலையும் நான் வாய் திறக்கமாட்டன்.”

அவள் கொண்டுபோகவில்லை. ஊசிக்குழாயில் தண்ணீர் நிரப்பி, அவன் செய்த கருவியில் வைத்துப் பூட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தாள். பின்னேரம் நாலு மணி வரைக்கும் எழும்பவில்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாய், ஒரே சீராய் விழுந்தது. நேசராஜா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி தொடுவாரில்லாமல் ஆறிப்போனது. அவள் ஊசிக்குழாயைப் பார்க்கவில்லை. அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.