ஜோடியாய்க் காணாமல் போன அணுக்கள்

“ரெண்டையும் காணோம்னா, ரெண்டும் சேர்ந்துதான் போச்சுன்னு எப்படி சொல்ற?”

“பின்ன தனித்தனியா கோச்சுக்கிட்டுப் போச்சா, அத்தான்?”

கதவைச் சாத்தியும் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. ஆறு வருடமாக ஒரே லேசர் அறையில் மாரடிக்கும் மாமன் மகளும் அத்தை மகனும்தான். போகும்போதும் வரும்போதும் ஒன்றாகவே இருப்பதால் முடிச்சு விழுந்த மாதிரிதான் என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் தீர்மானித்திருந்தார்கள். இவர்கள் சண்டையோ அணுக்களைப் பற்றி.

காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு அணுக்களை ஒளியாலேயே இடுக்கிப் பிடித்து, ஒன்றோடொன்று பிணைப்பது அவள் வேலை. பிணைந்துவிட்டால் அளக்கும்போது இரண்டும் ஒரே நிலையில் அகப்படும். ஒரு நிலையில் உள்ளதை வேறொரு ஒளி வெளியே தள்ளும். மறு நிலையில் உள்ளது நிற்கும். பிறகு படம் எடுப்பார்கள். இரண்டும் நின்றாலும் ஜோடி, இரண்டும் போனாலும் ஜோடி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று ஜோடியாக வந்திருந்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஊரெல்லாம் தமுக்கடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவளுடைய டாக்டர் பட்டத் தேர்வு.

“ஏசி ஓட ஆரம்பிக்கும்போது பிடிக்கிற லேசர் கண் சிமிட்டுது. அப்ப ரெண்டும் சும்மாவே விழுந்துடும். அதையும் ஜோடிக் கணக்குல சேர்த்திருக்க.”

“இதைச் சொல்ல புதன்கிழமைதான் கிடைச்சுதா உனக்கு?”

அவன் இதை வெளியே மூச்சுவிட மாட்டான்; சொல்வதா மறைப்பதா என்பது அவள் பாடு. அது தெரிந்ததால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது. தள்ளும் ஒளியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். தள்ள ஆளில்லாமலே ஜோடி ஜோடியாகக் காணோம். அவற்றைக் கழித்தால் மிஞ்சியது அறுபத்திரண்டு. பாதியைத் தாண்டினால் பிணைப்புதான்; ஆனால் அதற்கு யார் தமுக்கடிப்பார்கள்?

பேராசிரியர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, “தேர்வு முடியட்டுமேம்மா, அப்புறம் திருத்திக்கலாம்” என்றார்.

“நம்பர் என் பேர்லதானே சார் நிக்கும்.”

அறுபத்திரண்டையே எடுத்துப்போனாள். தேர்வாளர் மூன்று மணி நேரம் துருவினார். அதில் இரண்டு மணி நேரம் ஏசியைப் பற்றி. பட்டம் கிடைத்தது. பேராசிரியரின் வாழ்த்து மட்டும் மின்னஞ்சலில், ஒரே வரியில் வந்தது.

அவள் அணுக் கடிகாரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து கடல்தாண்டிப் போனாள். பிழை கண்டுபிடிக்கத்தான் அங்கே சம்பளமாம். அத்தை மகன் பல் டாக்டர் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். “ஆறு வருஷம் ஒரே ரூம்ல உட்கார்ந்து என்னதான்டா பண்ணீங்க?” என்று அத்தை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.