பெரியவர் மண்ணுக்குள் இருந்த எழுபத்து மூன்று நாட்கள்

கடல் வீட்டுக்குள் வரத் தொடங்கி ஏழாவது மாதத்தில்தான் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார். வீடு இருந்தது மூன்றாம் மாடியில். இருப்பதிலேயே பக்கத்திலிருந்த கடற்கரைக்குப் போக பஸ்ஸில் ஒன்றரை நாள் ஆகும். ஆனாலும் நாளுக்கு இரண்டு தடவை, சமையல் மேடைக்கு அடியிலிருந்து கடல் வந்தது. கணுக்கால் உயரத்துக்கு ஏறி, நாற்பது நிமிடம் நின்று, போகும்போது தரையைத் துடைத்து உலர்த்திவிட்டுப் போனது. கீழ் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. குழாய் ரிப்பேர்காரர் ஒருமுறை வந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது குழாய்த் தண்ணி இல்லம்மா, இதுல எனக்கு வேல கிடையாது" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நாணயமான மனிதர்.

அந்த வீட்டில் குடியிருந்தவள் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுபவள். எல்லோரும் கண்ணாடிக்காரி என்றே கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கும் மேஜைக்கும் மீன் தொட்டிக்கும் அளவு பார்த்து வெட்டிக் கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணாடி வெட்டுவதில் ஒரு சட்டம் உண்டு. கோட்டை ஒரே தடவைதான் இழுக்க வேண்டும். பதிந்ததோ இல்லையோ என்று அதே கோட்டில் இன்னொரு முறை இழுத்தால், கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் போய் உடையும். பேச்சிலும் அவள் அப்படித்தான். முடியாது என்பதை ஒரு தடவைதான் சொல்வாள். கேட்காதது போல நடிப்பவர்களுக்காக மறுபடி சொல்ல மாட்டாள். பன்னிரண்டு வருடம் கணவன் வீட்டில் இருந்தபோது சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் மாமியாரைக் கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் கேட்பதை நிறுத்தினாள், மறுநாள் வெளியேறினாள். மூன்றாம் மாடிக்குக் குடிவந்த அன்றே பதினாறு ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கீழே தரைத்தளத்தில் இருந்த வீட்டுக்காரர் பதினாறு சத்தத்தையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். பகை அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டது.

நண்டுகள் அதற்குப் பிறகு வந்தவை. வளர்ப்புப் பிராணி விற்கும் கடை ஒன்று தொட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, தொட்டி தயாரான வாரமே மூடப்பட்டது. தொட்டியோடு போனவள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஆறு துறவி நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைப் பார்த்தாள். துறவி என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு சாகும்வரை அலைவதுதான் துறவு என்றால் ஊரில் எல்லோருமே துறவிகள்தான். விற்பனைக்காக, அவை குடியிருந்த கடல் நத்தைச் சிப்பிகளில் சிவப்பும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவள் தொட்டியையும் டப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மணலில் தேங்காய் நார்த் தூள் கலந்து, கைப்பிடியில் பிடித்தால் உதிராத ஈரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு முழ ஆழத்துக்கு நிரப்பினாள். ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர். குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போக ஒருநாள் திறந்து வைத்த பிறகே ஊற்றினாள். ஈரப்பதம் வெளியேறாமல் மேலே கண்ணாடி மூடி. பெயிண்ட் அடிக்காத சிப்பிகள், ஒரு நண்டுக்கு மூன்று வீதம். தனக்கு ஒரு கட்டில் வாங்க அவளுக்கு அதற்குப் பின் ஐந்து மாதம் ஆயிற்று.

ஒரு தப்பு செய்தாள். ஆறில் சின்னது ஒன்று மண்ணுக்குள் போய் மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. செத்து அழுகுகிறதோ என்று பயந்து கரண்டியால் தோண்டினாள். அது சாகவில்லை, சட்டை உரித்துக்கொண்டிருந்தது. பழைய ஓடு பக்கத்தில் கிடக்க, புது உடம்பு வெந்த சோற்றுப் பருக்கைபோல மெத்தென்று வெளுப்பாக இருந்தது. வெளிச்சமும் காற்றும் பட்டதில் இரண்டாம் நாள் செத்தது. உரிக்கும்போது நண்டைத் தொடக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, மணலை அசைக்கவும் கூடாது என்பதை அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அது செத்த அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. கடையில் யாரோ என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

கிண்ணத்துத் தண்ணீரில் உப்பின் அளவு மிகச் சரியாக அமைந்த ஒரு வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்குக் கடல் முதன்முதலாக வந்தது. நண்டுகள் மூடியைத் தள்ளிவிட்டு, தொட்டியைவிட்டு இறங்கி அதில் நடந்துவிட்டுத் தாமாகவே திரும்பின. அவள் செருப்பைத் தூக்கி மேலே வைத்தாள், அவ்வளவுதான். பத்து நாளில் கட்டிடம் முழுக்கச் செய்தி போயிற்று. இரண்டாம் மாடித் தச்சர், மனைவி, நாலு பிள்ளைகள், தம்பி என்று ஒன்றரை அறையில் ஏழு பேர். முதல் மாடியில் ஒரே அறையில் கண்டக்டரையும் சேர்த்து ஐந்து பேர். மொட்டை மாடிச் சின்ன அறையில் தையற்காரரும் அப்போதுதான் கர்ப்பமாகியிருந்த மனைவியும். எல்லோரும் கடல் வரும் நேரத்துக்கு வந்து, காலை நனைத்துக்கொண்டு நண்டு வேடிக்கை பார்த்தார்கள். நண்டுகள் சிப்பி மாற்றுவதுதான் பார்க்க வேண்டிய காட்சி. பெரிய சிப்பி ஒன்று காலியாகக் கிடந்தால் எந்த நண்டும் முந்தியடித்துப் பாயாது. பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக, ஒன்றின் சிப்பியை அடுத்தது பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் நிற்கும். முதல் நண்டு காலி சிப்பிக்குத் தாவிய அந்த நொடியில் எல்லாம் மாறிக்கொள்ளும். கடைசியில் இருப்பதிலேயே சின்ன சிப்பி ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடக்கும். தச்சரின் மனைவி இதை எட்டு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றரை அறைக்குப் போய்ச் சேரும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள்.

வீட்டுக்காரருக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். பிள்ளைகள் வெளிநாட்டில். தரைத்தளத்தின் நாலு பெரிய அறைகளில் மூன்றைப் பூட்டிவிட்டு, ஒன்றில் ஒற்றை ஆளாக இருந்தார். கடலை முதலில் வதந்தி என்றார், பிறகு ஒழுகல் என்றார். உப்புக் காற்றில் அவருடைய பூட்டுகள் துருப்பிடிக்கத் தொடங்கியதும், அடுத்த மாதம் முதல் தேதிக்குள் கண்ணாடிக்காரி நண்டுகளோடு வெளியேற வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்.

அவள் போயிருப்பாள் என்றும் சொல்வார்கள், அது பொய். ஆனால் போக நினைத்திருந்தாலும் வழியில்லை. நண்டுகளில் மூத்ததை அவள் பெரியவர் என்று அழைப்பாள். நோட்டீஸ் வந்ததற்குப் பத்து நாள் முன்பு பெரியவர் சட்டை உரிக்க மண்ணுக்குள் இறங்கியிருந்தார். அந்த உருவத்துக்கு இரண்டு மாதமாவது ஆகும். தொட்டியைத் தூக்கினால் மணல் சரியும், மணல் சரிந்தால் பெரியவர் கதை முடிந்தது. அவளுடைய அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, தன் வீட்டில் ஓர் அறை ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நல்லவர். தங்கச்சி மேல் உயிர்.

"நண்டெல்லாம் வேணாம். நீ மட்டும் வா. ஒரு நண்டுக்காக யாராவது வம்பு வளப்பாங்களா?"

"நான் ஏற்கெனவே ஒண்ண தோண்டிக் கொன்னுட்டேன், அண்ணா. இன்னொண்ணு முடியாது."

அண்ணன் இன்னும் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். கடல் வந்து வேட்டி நனைந்ததும் அவர் எழுந்து போனார். அன்றிரவு அவள் சுவரைப் பார்த்து வெகுநேரம் படுத்திருந்தாள். பயம் இருந்தது. இந்த வீடு போனால் மறுபடி யாரிடமாவது ஆணிக்கு அனுமதி கேட்டு வாழ வேண்டும் என்ற பயம்.

முதல் தேதி, பெரியவர் மண்ணுக்குள் போன நாற்பத்தோராம் நாள். காலை ஆறு மணிக்குச் சாவிக்கொத்து இரண்டு சுமைதூக்கிகளோடு மேலே வந்தார். கடல் வந்திருந்த நேரம். செருப்பை ஒரு கையிலும் பேன்ட் நுனியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மிரட்ட வேண்டிய நிலை. கண்ணாடிக்காரி தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயா போனா மரியாத. இல்லன்னா தொட்டிய இவங்க தூக்கித் தெருவுல வச்சிடுவாங்க."

"பெரியவர் உள்ள இருக்கார், சார். அவர் வெளிய வர்ற வரைக்கும் தொட்டி நகராது. அதுக்கப்புறமும் நான் நகர மாட்டேன்."

"இது யாரோட வீடு?"

"உங்களோடதுதான். கீழ நாலு ரூமும் உங்களோடதுதான். அதுல மூணுக்குள்ள கடைசியா எப்பப் போனீங்க?"

கேள்வி சாதாரணமானதுதான். சாவிக்கொத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். முதல் அறைக்குப் போனது மகன் கிளம்பிய வருடமா, மகள் கிளம்பிய வருடமா என்று கணக்குப் பார்த்தார், மற்ற இரண்டுக்கும் பார்த்தார். பார்த்துக்கொண்டே கணுக்கால் தண்ணீரில் கால் மணி நேரம் நின்றார்.

அந்தக் கால் மணி நேரத்தில் கட்டிடம் வீடு மாறியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தரைத்தளத்துப் பூட்டுகள் மூன்றும் துருவாகி உதிர்ந்து கிடந்தன. தச்சர் குடும்பத்து ஏழு பேர் முதலிலும், கண்டக்டர் குடும்பத்து ஐந்து பேர் அடுத்தும், தையற்காரரும் மனைவியும் கடைசியிலுமாகப் படிக்கட்டில் வரிசையாக, முன்னால் நிற்பவரின் தோளைப் பின்னால் நிற்பவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் சேர்ந்து இறங்க முடியாத படிக்கட்டு அது. அதில் மூன்று பீரோக்களும் ஒன்பது கட்டில்களும் ஒரு தையல் மெஷினும் எதிரெதிராகப் போய்ச் சேர்ந்தன. சுவரில் ஒரு கீறல் விழவில்லை. கட்டில் போவதைப் பார்த்துக் கை கட்டி நிற்கத் தெரியாத ஜாதி சுமைதூக்கிகள். முதலாளியை விட்டுவிட்டு அவர்களும் ஒரு கை கொடுத்தார்கள். ஆறே காலுக்குத் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் நாலு அறையிலும் ஓடிக்கொண்டிருந்தன. தச்சரின் வீட்டில் கண்டக்டர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்டக்டர் வீட்டில் தையற்காரரின் மனைவி நிறைமாத வயிற்றோடு காலை நீட்டிப் படுத்திருந்தாள். மிஞ்சியது மொட்டை மாடி அறை மட்டும். அதில் சாவிக்கொத்தின் கட்டில் போட்டிருந்தது, சட்டைகள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் கொடியில் தொங்கின. கண்ணாடிக்காரியின் வீட்டை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவளுக்கு அது அளவாக இருந்தது.

சாவிக்கொத்து விட்டுவிடவில்லை. புகார் கொடுத்தார். அதிகாரி ஒருவர் டேப்போடு வந்து வீடு வீடாக அளந்தார், தலைகளை எண்ணினார், எண்ணியதை அளந்ததோடு ஒப்பிட்டார். எல்லாம் பொருந்துவதாக எழுதி, தச்சர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நோட்டீஸ் தாங்கிய வக்கீல்கள் இரண்டு பேர் வந்து, கடல் இறங்கட்டும் என்று படியில் காத்திருந்து, காத்திருந்ததிலேயே பேச வந்தது மறந்து திரும்பினார்கள். சாவிக்கொத்து மூன்று நாள் மொட்டை மாடியில் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். நாலாம் நாள் மழை வந்தது, உள்ளே போனார். அறை அவருக்குக் கனகச்சிதமாக இருந்தது என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எழுபத்து மூன்றாம் நாள் மணல் அசைந்தது. பெரியவர் வெளியே வந்தார், செம்பு நிறத்தில், முன்பைவிடக் கால் பங்கு பெரிதாக. பழைய சட்டையை மண்ணுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தார். கண்ணாடிக்காரி அன்று கடைக்குப் போகவில்லை. தொட்டி அருகே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

வருடக் கடைசியில் புது ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. சாவிக்கொத்து காகிதத்தோடு மொட்டை மாடியிலிருந்து கண்ணாடிக்காரி வீட்டுக்கு இறங்கி வந்து, மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"குடியிருக்கிறது எத்தன பேர்னு போடணும்."

"நான் ஒருத்தி, நண்டு அஞ்சு, கடல் ஒண்ணு."

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். மறுபடி சொல்வாளா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து, சொன்ன வரிசையிலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். சமையல் மேடைக்கு அடியில் சலசலத்தது. அவர் கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார். அவள் வைக்கவில்லை.