ஜான் என்ன ஆனான்?

"இன்னும் ஒரு சாண் மேல ஏத்துங்கடா! தெருமுனையில திரும்புறவன் கண்ணுல படணும்."

கொன்சூலோ அம்மாள் குடையை நீட்டி நீட்டி அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். நெரிசாவின் தகப்பன் வீட்டு வாசலுக்கு மேலே இரண்டு ஆட்கள் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டில் ஆணி அடிக்கச் சம்பந்தியைக் கேட்கவேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. பெரிய இடத்துக்காரர்களுக்கு அதெல்லாம் தோன்றுவதில்லை.

'வாழ்த்துகள்! நெரிசா ஆர். ரிக்காஃபோர்ட், அரசு உரிமம் பெற்ற ஆசிரியை. ரிக்காஃபோர்ட் குடும்பத்தின் பெருமை.'

இடது மூலையில் நெரிசாவின் படம். வலது பக்கம் அதைவிடப் பெரிதாக அவள் புருஷன் ரோடெல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். வேலைக்கு என்று ஆறு வருஷத்துக்கு முன் செபுத் தீவுக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்து இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். நெரிசா தகப்பன் வீட்டுக்குத் திரும்பினாள். கணினி வழியாக வெளிநாட்டார்க்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே ஆசிரியர் தேர்வு எழுதினாள். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினாள். அத்தனை வருஷத்திலும் ரிக்காஃபோர்ட் குடும்பம் அவளுக்காகச் செய்தது இந்தப் பேனர் ஒன்றுதான்.

தகப்பன் அர்தேமியோ மலையில் அபாகா என்னும் காட்டுவாழையில் நார் உரிக்கிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அண்ணாந்து பார்த்து உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"எம் பேரு எங்கம்மா இருக்கு?"

"அந்த 'ஆர்'தாம்ப்பா நீங்க."

"பக்கத்துல இருக்கிற புள்ளி?"

"அதுவும் நீங்கதான்."

கொன்சூலோ அம்மாள் திரும்பினாள். "என்ன சம்பந்தி, முகம் சுருங்குது? ரெம்பில்யோன்னு உங்க பேரைப் போட்டா நார் உரிக்கிறவர் மகள்னு ஊரு போயிக்கிட்டே இருக்கும். ரிக்காஃபோர்ட்னு போட்டாத்தான் நின்னு படிக்கும். கட்டிக்கிட்டவ புருஷன் பேரைச் சுமக்கணும். சட்டமே அதுதான்."

"நான் சுமந்துக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை. உங்க மகன்தான் இறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு."

"ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். பேரு உங்கிட்டதானே இருக்கு?"

கொன்சூலோ அம்மாளும் ரிக்காஃபோர்ட்டாகப் பிறந்தவள் அல்ல. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் என்ன பெயரோடு அந்த வீட்டுப் படியேறினாள் என்று கேட்டால், அவளே சற்று யோசித்துத்தான் சொல்லவேண்டும். தன் பெயரைத் தொலைத்தவளுக்கு மருமகளின் பெயரைக் காவல் காக்கும் உத்தியோகம் கிடைத்திருந்தது. அதை அவள் குறைவில்லாமல் பார்த்தாள்.

மாலை நான்கு மணிக்கு நெரிசா கணினி முன் உட்கார்ந்தாள். அன்றைய மாணவி துயெத், வியட்நாமில் ஹுவே நகரத்து நர்ஸ். நெரிசாவைவிடப் பத்து வயது மூத்தவள். பாடம், குடும்பப்பெயர்கள். துயெத் ஒவ்வொரு சொல்லாக மிதித்து நடப்பதுபோலப் புத்தகத்தை வாசித்தாள்: 'மேரி பிரவுன் ஜான் ஸ்மித்தை மணந்தாள். அவள் மேரி ஸ்மித் ஆனாள்.'

"டீச்சர், ஒரு சந்தேகம். மேரி, ஸ்மித் ஆயிட்டா. ஜான் என்ன ஆனான்?"

"ஜான் ஒண்ணும் ஆகல. ஜான் ஸ்மித்தாவேதான் இருந்தான்."

"கல்யாணம் ரெண்டு பேருக்கும்தானே நடந்துச்சு?"

நெரிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ஊர்ல எப்படி?"

"பொறந்தப்ப வச்ச பேருதான், சாகுற வரைக்கும். எம் புருஷனால அதுல கை வைக்க முடியாது. ஆனா ரொம்பச் சந்தோஷப்படாதீங்க டீச்சர். புள்ளைங்க ரெண்டும் அவரு பேருதான். பத்து மாசம் சுமந்தவ நான், முத்திரை அவரு." சிரித்துவிட்டுக் கேட்டாள்: "ஆமா, ரிக்காஃபோர்ட்னா ஏதாச்சும் பெரிய வம்சமா?"

"வம்சமா! நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி வரி வாங்கத் தோதா இருக்கட்டும்னு ஸ்பெயின்காரக் கவர்னர் ஒருத்தன் பேருப் புத்தகம் ஒண்ணு போட்டான். ஊருக்கு ரெண்டு தாள் கிழிச்சுக் குடுத்தாங்க. எங்க ஊருக்கு வந்தது 'ஆர்' எழுத்து. அதான் ஊர்ல பாதிப் பேரு 'ஆர்'. எங்கப்பா பேரும் மாமியார் வீட்டுப் பேரும் ஒரே தாள்ல நாலு வரி தள்ளி இருந்ததுதான்."

"அந்த நாலு வரியைத் தாண்டவா இவ்வளவு பெருமை?"

"கேட்டுடாதீங்க, பேனரே கட்டியிருக்காங்க."

"அப்ப மாத்தித்தான் ஆகணும்னு சட்டமா டீச்சர்?"

"சட்டம்தான்."

"அந்தச் சட்டத்தைக் காட்டுங்களேன். படிச்சுப் பழகிக்கிறேன்."

நெரிசா தேடி எடுத்துத் திரையில் போட்டாள். துயெத் வாசித்தாள்: மணமான பெண் கணவனின் குடும்பப்பெயரைப் பயன்படுத்தலாம். அங்கேயே நின்றாள்.

"டீச்சர், இதுல 'மே'ன்னு இருக்கு. நேத்து நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? 'மஸ்ட்'னா செஞ்சே ஆகணும். 'மே'ன்னா இஷ்டம் இருந்தா செய்யலாம். நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க."

கல்யாணமான மறுவாரம் ஓர் அரசாங்க அலுவலகத்து ஜன்னலில் 'ரெம்பில்யோ' என்று எழுதி நீட்டிய தாளும், "கல்யாணம் ஆயிடுச்சுல்ல? இப்படியெல்லாம் எழுதக் கூடாது" என்று அதைச் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய கையும் நெரிசாவின் நினைவுக்கு வந்தன. அந்த ஒரு கோட்டைப் பார்த்துத்தான் வங்கி ரிக்காஃபோர்ட் என்று எழுதியது, வாக்காளர் பட்டியல் எழுதியது, கடைசியில் தேர்வு விண்ணப்பத்தில் அவளே எழுதினாள். நூற்றுக்கணக்கான பேருக்கு 'மே'யும் 'மஸ்ட்'டும் பிரித்துக் காட்டியவள், தன்னைக் கட்டிய சட்டத்தை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. படித்தவளையே படிக்கவிடாமல் வைத்திருந்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

மறுநாள் சட்டத்தை அச்செடுத்துக்கொண்டு லெகாஸ்பி நகரத்துக்குப் பஸ் ஏறினாள். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அதைக் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. 'லாம்'னுதான் இருக்கு."

"அப்ப எம் பேரையே போட்டுக் குடுங்க."

"அந்த 'லாம்' எல்லாம் மாத்துறதுக்கு முன்னாடி. ஒருதடவை புருஷன் பேருக்கு வந்துட்டா, இங்க திரும்பிப் போக ரெண்டே வழி. கல்யாணமே செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லணும். இல்ல, அவரு சாகணும்."

"அவரு நல்லாத் திடகாத்திரமா இருக்காரு."

"அதாம்மா கஷ்டம்." அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒரு சளி இருமல்கூட இல்லையாம்."

விவாகரத்து என்ற சொல்லே சட்டத்தில் ஏறாத நாடு. உள்ளே போவதற்கு 'லாம்', வெளியே வருவதற்குக் 'கூடாது'. எலிப்பொறி செய்கிறவனுக்குக்கூட இவ்வளவு இலக்கணம் தெரிந்திருக்காது.

பதவிப் பிரமாண நாளில் மண்டபம் முழுக்க வெள்ளைச் சட்டைகள். இரவல் சட்டை ஒன்றில் அர்தேமியோ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொன்ன பிறகு, புது ஆசிரியர்கள் வரிசையாகப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். நெரிசாவின் முறை வந்தது. அச்சடித்த பெயர் ரிக்காஃபோர்ட். அதற்கு எதிரே வெற்றுக் கட்டம்.

அவள் வழக்கமாகக் கிறுக்கும் கையெழுத்தைக் கிறுக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல எழுத்து எழுத்தாக, உருட்டி, நிறுத்தி எழுதினாள்: நெரிசா ரெம்பில்யோ.

மேசை அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? அச்சுல இருக்கிற பேரு வேற, கையெழுத்து வேற?"

"கையெழுத்து இப்படித்தான் இருக்கணும்னு சட்டம் இருக்கா சார்?"

அவர் பக்கத்து அதிகாரியைப் பார்த்தார். பக்கத்து அதிகாரியோ மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் இல்ல... ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"வழக்கம் இருந்துட்டுப் போகட்டும் சார். அதுக்கு ஏதாச்சும் கட்டம் இருந்தா காட்டுங்க, அங்க அதை எழுதுறேன்."

வரிசை நெளிந்தது. வெயிலும் புழுக்கமும் ஏறிக்கொண்டிருந்தன. அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு, "அடுத்து!" என்றார்.

அடுத்து நின்றவள் புதுக் கல்யாண மோதிரம் மின்னும் கையோடு பேனாவை வாங்கினாள். கட்டத்தின் மேல் முனையை வைத்தவள் எழுதாமல் நிமிர்ந்தாள்.

"அக்கா, இப்படிப் போடலாமா?"

"போடலாம்" என்றாள் நெரிசா.